வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை: கானாவைப் படித்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, இந்த ஆண்டு ஒரே நாட்டின் வரலாற்றை எடுத்துக்கொண்டோம்: மேற்கு ஆப்பிரிக்காவின் கானா. கூட்டங்கள் வழக்கம்போல நூலக மாடியில் நடந்தன. மழைக்காலத்தில் சில தள்ளிப்போயின, மற்றபடி தடங்கல் எதுவும் இல்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் படித்ததையும் பேசியதையும் சொல்கிறேன்.

முதல் கூட்டங்கள் கோட்டைகளைப் பற்றியவை. 1482-ல் தங்கம் தேடி வந்த போர்த்துக்கீசியர் கானாக் கடற்கரையில் உள்ள எல்மினாவில் கோட்டை கட்டினார்கள். 1637-ல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள், 1872-ல் அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. இதற்கிடையே தங்கத்தைவிட மனிதர்களை விற்பதில் லாபம் அதிகம் என்று ஆகிவிட்டது. அதே கடற்கரையில் உள்ள கேப் கோஸ்ட் கோட்டையில், விற்கக் கொண்டுவந்த ஆண்களை அடைத்து வைத்த நிலவறைக்கு மேலேயே தேவாலயம் இருந்தது. அதன் படத்தைத் திரையில் காட்டியபோது கூட்டத்தில் யாரும் வெகுநேரம் பேசவில்லை.

அடுத்து, கானாவின் உள்நாட்டுப் பகுதியை ஆண்ட அசாந்தி அரசு. 1874-ல் ஆங்கிலப் படை அதன் தலைநகரான குமாசியைத் தீயிட்டது. 1896-ல் மன்னர் பிரெம்பேயைக் கைது செய்து கொண்டுபோனார்கள், பிறகு செஷல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினார்கள். அது போதாதென்று, 1900-ல் ஆளுநர் ஹாட்ஜ்சன் குமாசிக்கு வந்து, தான் உட்காரப் பொன்னாசனத்தைக் கொண்டுவரச் சொன்னார். அசாந்தி மன்னரே உட்காராத ஆசனம் அது. தங்கள் இனத்தின் உயிரே அதில் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள். எஜிசுவின் அரசித்தாய் யா அசாந்தேவா போருக்குத் தலைமை தாங்கினார். போர் தோற்றது, அவரும் செஷல்ஸுக்கு அனுப்பப்பட்டு 1921-ல் அங்கேயே இறந்தார். ஆனால் ஆசனம் ஆங்கிலேயருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

கடற்கரைப் பக்கம் போராட்டம் வேறு வழியில் நடந்தது. மக்களின் நிலத்தின்மீது அரசு உரிமை கொண்டாட வகைசெய்யும் மசோதாவை எதிர்த்து, 1897-ல் கேப் கோஸ்டில் வழக்கறிஞர்களும் ஊர்த் தலைவர்களும் உரிமைப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கினார்கள். லண்டன் வரை தூது போனார்கள். மசோதா கைவிடப்பட்டது. சுதந்திரப் போராட்டம் என்றாலே ஊர்வலமும் சிறையும்தான் நினைவுக்கு வரும். மனு எழுதி ஜெயித்த இந்த ஊர்க்காரர்களையும் நாம் மறக்கக் கூடாது.

உறுப்பினர்கள் மிக ஆர்வமாகப் பேசியது கோகோவைப் பற்றித்தான். 1879-ல் பெர்னாண்டோ போ தீவிலிருந்து டெட்டே குவாஷி என்பவர் கொண்டுவந்த விதைகள் கானாவின் மாம்போங் ஊரில் முளைத்தன. 1911-க்குள் உலகிலேயே அதிக கோகோ விளைவிக்கும் நாடாகக் கானா வளர்ந்துவிட்டது. பெரிய தோட்ட முதலாளிகள் இல்லை, எல்லாம் சிறு விவசாயிகள். ஆனால் விலையைச் சொன்னவர்கள் ஐரோப்பிய வணிக நிறுவனங்கள். 1937-ல் அந்த நிறுவனங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு விலையைக் கட்டுப்படுத்தப் பார்த்தபோது, விவசாயிகள் மாதக்கணக்கில் கோகோவை விற்க மறுத்தார்கள். இறக்குமதித் துணியையும் வாங்க மறுத்தார்கள். நம் உறுப்பினர்களில் விவசாயிகள் பலர் இருப்பதால், அன்றைய கூட்டம் இரவு வரை நீண்டது.

அப்புறம் 1948 பிப்ரவரி 28. என்னைக் கேட்டால், கானாவின் சுதந்திரம் அந்தப் பிற்பகலில்தான் உறுதியாகிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் சுமார் 65,000 பேர் அந்தக் காலனியிலிருந்து படையில் சேர்ந்தார்கள். பலர் பர்மா காடுகளில் போரிட்டவர்கள். திரும்பி வந்தால் வேலையில்லை, தருவதாகச் சொன்ன உதவி கிடைக்கவில்லை, கடையில் துணி விலை எட்டாத உயரம். ஆளுநரிடம் மனு கொடுக்க, ஆயுதம் எதுவும் இல்லாமல், தலைநகர் அக்ராவில் அவர் இருந்த கிறிஸ்டியன்ஸ்போர்க் கோட்டையை நோக்கி நடந்தார்கள். சாலைச் சந்திப்பில் போலீஸ் மறித்தது. சுடும்படி கண்காணிப்பாளர் இம்ரே உத்தரவிட, காவலர்கள் தயங்கினார்கள். அவரே ஒருவரிடமிருந்து துப்பாக்கியைப் பிடுங்கிச் சுட்டார். சார்ஜென்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிப்போ, சிப்பாய் ஒடார்ட்டே லாம்ப்டே ஆகிய மூவர் இறந்தார்கள். கலவரம் ஊருக்கு ஊர் பரவியது, 29 பேர் உயிரிழந்தார்கள். இந்த மூன்று பெயர்களை நம் சங்கக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். யாருக்காகப் போரிட்டார்களோ அவர்களே சுட்டுக் கொன்றார்கள் என்பதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை.

இதன் பிறகு விடுதலைப் போராட்டத் தலைவர் குவாமே நிக்ருமாவின் காலம். 1949-ல் தனிக் கட்சி, 1950 ஜனவரியில் காந்தியின் ஒத்துழையாமையை ஒட்டிய வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும், உடனே சிறை. உள்ளே இருந்தபடி கழிப்பறைக் காகிதத்தில் கட்சிக்குக் குறிப்புகள் எழுதி அனுப்பினார். 1951 தேர்தலில் அக்ரா மத்தியத் தொகுதியில் 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கு விழுந்தது. சிறையிலிருந்து வந்தவர் அரசை நடத்தத் தொடங்கினார். 1957 மார்ச் 6 அன்று கானா விடுதலை பெற்றது. ஆங்கிலேய அதிகாரத்துக்குக் கடற்கரைத் தலைவர்கள் 1844-ல் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்ததும் மார்ச் 6 தான்.

கடைசிக் கூட்டத்தில் கடும் வாக்குவாதம் நடந்தது. விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கும் சட்டத்தை 1958-ல் நிக்ருமா அரசே கொண்டுவந்தது. 1948 கலவரத்துக்குப் பின் அவரோடு சேர்த்துக் கைது செய்யப்பட்ட அரசியல் தலைவர் டான்குவா, 1965-ல் அதே சட்டத்தின்கீழ் சிறையிலேயே இறந்தார். புதிய நாட்டைக் காப்பாற்ற வேறு வழியில்லை என்று சிலர் வாதாடினார்கள். எனக்கு அது சம்மதமில்லை. வோல்டா ஆற்றில் அகோசொம்போ அணையைக் கட்டிய நிக்ருமாவின் கைகளுக்கு இதைத் தவிர்க்கவும் முடிந்திருக்கும். 1966-ல் ராணுவம் அவரை வீழ்த்தியது.

அடுத்த ஆண்டுக்கு மேற்கு ஆப்பிரிக்காவின் இன்னொரு நாடான கினியாவை எடுக்கலாம் என்று நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. 1958-ல் பிரான்ஸை எதிர்த்து வாக்களித்துத் தனியே நின்ற நாடு. கானா அப்போது அதற்கு 1 கோடி பவுண்டு கடன் தர முன்வந்தது, ஆகவே தொடர்ச்சியும் இருக்கும். மாடியில் மின்விசிறி ஒன்று மாற்ற வேண்டியிருக்கிறது. அதற்கான செலவுக்கும் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும்.

இடம் தந்த நூலகருக்கும், வரைபடங்களைப் பெரிதாக அச்சிட்டுக் கொடுத்த இளம் உறுப்பினர்களுக்கும் நன்றி. இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்