காத்திருக்கும் பகல்களுக்கு ஓர் அறை கேட்டு

வேலூர் மாநகராட்சியின் மாண்புமிகு மேயர் அவர்களுக்கும் 60 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் போளூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடிந்து, கதிர்வீச்சுக்காக, எங்கள் ஊர்ப் பேச்சில் கரண்ட் வைப்பதற்காக, ஐந்து வாரம் உங்கள் நகரின் சைதாப்பேட்டையில் வாடகை அறையில் தங்கியிருந்தேன். திங்கள் முதல் வெள்ளி வரை நாள்தோறும் இயந்திரத்தின் கீழ் படுத்திருந்தது சில நிமிடங்கள்தாம். மீதிப் பகல் சுவரைப் பார்த்தே கழிந்தது. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், அசாம், வங்கதேசம் என்று தொலைவிலிருந்து வந்து காந்தி சாலை விடுதிகளில் தங்கியிருப்போர் பலருக்கும் பகல் இப்படித்தான் போகிறது. அவர்களுக்காக வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைக்கக் கற்றுக்கொண்ட நகரம் இது. உட்கார்ந்து ஏதேனும் ஒன்றைச் செய்ய ஒரு பொது இடம் மட்டும் என் கண்ணில் படவில்லை.

கீமோவுக்குப் பின் என் விரல்நுனிகள் மரத்துப்போயின. நாற்பது ஆண்டு கோலம் போட்ட கை, மாவைக் கிள்ளினால் இழை விழாமல் கொட்டிவிடும். அதனால் பழைய காலண்டர் தாள்களின் பின்புறத்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். பக்கத்து அறையில் சிகிச்சைக்கு வந்திருந்த வங்காளப் பெண், பழைய சேலைகளை அடுக்கிக் காந்தா தையல் போடுபவர், ஒருநாள் என் பென்சிலை வாங்கி, புள்ளிகளுக்கிடையே அவர்கள் ஊர்க் கோலமான ஆல்பனாவின் கொடியைப் படரவிட்டார். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வங்காளம் தெரியாது. அன்று மாலை வரை எங்கள் இருவருக்கும் கவுண்ட், அதாவது இரத்த அணுக்களின் எண்ணிக்கை, பற்றிய நினைவே எழவில்லை.

வரைவதும் தைப்பதும் புற்றைக் கரைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தின் வேலையை மருந்துதான் செய்ய வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில், பெண்ணின் கல்யாணம் தடைப்படும் என்று அஞ்சி, நோயின் பெயரைக்கூடச் சொல்லாமல் ‘கட்டி’ என்று மறைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். வாய்ப்புற்றுக்காக நாக்கில் அறுவை செய்துகொண்டு, பேச்சுக் குழறும் கூச்சத்தில் ஒதுங்கியவர்கள் இருக்கிறார்கள். ஒரு தாளும் அருகே ஒரு துணையும் இருந்தால் இவர்களால் சொல்ல முடியும்.

நோயுற்ற கைகளுக்கு வேலை தருவது வேலூருக்குப் புதிதும் அன்று. தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்திய மருத்துவர் பால் பிராண்ட், நவஜீவ நிலையம் என்ற குடியிருப்பை இங்கே அமைத்து, அந்தக் கைகளுக்கு மரவேலை கற்றுத்தர வழிசெய்தார். நிமிர்ந்த விரலுக்கு ஒரு வேலை வேண்டும் என்பது அன்றே இங்கு உணரப்பட்டிருக்கிறது.

நான் கேட்பது மாநகராட்சிக் கட்டடம் ஒன்றில், வாரம் இரண்டு பிற்பகல், ஓர் அறை. படி ஏற முடியாதவர்களுக்காக அது தரைத்தளத்தில், நல்ல காற்றோட்டத்தோடும், சாய்வு நாற்காலிகளோடும், சுத்தமான கழிப்பறையோடும் இருக்க வேண்டும். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாள்களில் ஈரமண் தொற்றைக் கொண்டுவரக்கூடும் என்பதால், கரிகிரியின் மண்பாண்டக் கலை அருகிலேயே இருந்தும், களிமண்ணைத் தவிர்த்துவிடலாம். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்தவர்களுக்குத் தையல் ஊசிக்குப் பதில் வண்ணம் தரலாம். எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை மருத்துவர்களைக் கேட்டு மூன்று மொழிகளில் எழுதி ஒட்டுங்கள்.

இது மருத்துவமனையின் வேலை என்று சிலர் சொல்லக்கூடும். மருத்துவமனையில் நாங்கள் நோயாளிகள். அதற்கு வெளியே வேறு யாராகவேனும் இருக்க ஓர் இடம் வேண்டும் என்பதே என் கோரிக்கை. அங்கே எழுதப்படும் கவிதை நம்பிக்கை ஊட்டித்தான் ஆக வேண்டும் என்றும் கேட்காதீர்கள். கோபமாக எழுதுபவர் கோபமாகவே எழுதட்டும். திறப்பு விழாவில் மொட்டைத் தலைகளைப் படம் எடுத்துப் போடுவதை அருள்கூர்ந்து தவிர்த்துவிடுங்கள்.

அறை கிடைத்தால் வியாழக்கிழமைதோறும் கண்ணமங்கலம் வழியாகப் பேருந்தில் வந்து, புள்ளி வைக்கக் கற்றுத்தர நான் அணியமாக இருக்கிறேன். தாளும் பென்சிலும் நானே கொண்டுவருகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
போளூர்.