கரையில் அழுகும் ஆகாயத்தாமரையை எரிவாயுவாக்குங்கள்

நீலகிரியின் நீர்நிலைகளைப் பராமரிக்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். எங்கள் ஊர் ஏரியில் இந்த ஆண்டும் ஆகாயத்தாமரையை அகற்றி முடித்ததைத் தாங்கள் அறிவீர்கள். அள்ளிய செடி கரையிலேயே குவிந்து கிடந்து, அடுத்து வந்த மழையில் பாதிக்கு மேல் ஏரிக்குள்ளேயே சரிந்ததையும் அறிவீர்கள் என்றே நம்புகிறேன்.

அதை அள்ளியவர்களில் என் அத்தையும் ஒருவர். கார்த்திகைக் குளிரில் இடுப்பளவு நீரில் நின்று, வேரோடு இழுத்த செடியைக் கூடை கூடையாகச் சுமந்து கரையேற்றினார். கூடையிலிருந்து ஒழுகும் சேற்றுநீர் பிடரி வழியே முதுகில் இறங்குமாம். மாலையில் விரல்களை மடக்க முடியாமல், சாப்பிடாமல்கூட, அடுப்பருகே கைகளை நீட்டியபடி உட்கார்ந்திருப்பார். அவர் சுமந்தது மீண்டும் நீரில் மிதப்பதைக் கண்டபோது அவர் ஒன்றும் பேசவில்லை, எனக்குத்தான் பொறுக்கவில்லை.

அந்தச் செடியை எரிவாயுவாக்குங்கள் என்பதே என் வேண்டுகோள். பார்படோஸ் தீவின் கரைகளில் 2011 முதல் ஒதுங்கி அழுகும் சர்காசம் கடற்பாசியை, ரம் ஆலைக் கழிவுநீரோடும் ஆட்டுப் புழுக்கையோடும் சேர்த்து நொதிக்க வைத்து, அதில் கிடைத்த மீத்தேன் எரிவாயுவைக் கொண்டு மேற்கிந்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் காரையே ஓட்டிக் காட்டினார்கள். நமக்கு மாட்டுச் சாணமும், மண்டிகளில் கழித்துக் கொட்டும் முட்டைக்கோஸ் இலையும் இருக்கின்றன. சாண எரிவாயுக் கலனின் நுண்ணுயிர்களுக்கு 35 டிகிரி அளவில் வெப்பம் வேண்டும், மலைக்குளிரில் அவை சோர்ந்துவிடும் என்பது உண்மைதான். ஆனால் கொய்மலருக்குப் பசுமைக்குடில் போடத் தெரிந்த மாவட்டத்தில் கலனுக்கு ஒரு குடில் போடுவது அரிய காரியமன்று. கழிவிலிருந்து எரிவாயு எடுக்க மத்திய அரசின் கோபர்தன் திட்டமும் 2018 முதல் இருக்கிறது.

கழிவுநீரை ஏரிக்குள் விட்டு, அதன் சத்தில் செழிக்கும் செடியை ஆண்டுதோறும் கூலி கொடுத்து அள்ளி, அதையும் கரையில் அழுகவிடுவது எந்த வகையில் பராமரிப்பு? மன்னிக்கவும், கேட்க வந்தது இதுவன்று.

அடுத்த முறை செடியை அள்ளுவதற்கு முன்பாகவே ஏரிக்கருகில் ஓர் எரிவாயுக் கலன் அமைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். ஆகாயத்தாமரை கன உலோகங்களை உறிஞ்சக்கூடியது என்பதால், கலனிலிருந்து வெளிவரும் கரைசலைப் பரிசோதித்த பிறகே கேரட் தோட்டங்களுக்கு உரமாகக் கொடுக்க வேண்டும். முதலில் கிடைக்கும் வாயுவை, செடி அள்ளுபவர்கள் குளிர்காயவும் வெந்நீர் வைக்கவும் ஒதுக்கித் தாருங்கள்.

இப்படிக்கு,
ஏரிக்கரையில் குடியிருக்கும் ஒருவர்