குவீன்ஸுக்கு ஒரு வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த நியூயார்க் பயணக் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் சதுக்கம், எம்பயர் ஸ்டேட் எல்லாம் சரி. ஆனால் அந்நகரின் ஐந்து பரோக்களில் (பெரும் நிர்வாகப் பகுதிகளில்) பரப்பளவில் பெரியதான குவீன்ஸுக்கு ஒரே ஒரு வரி, அதுவும் விமானம் இறங்கும் இடம் என்று! மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கி, அந்தப் பக்கமெல்லாம் நடந்தே சுற்றியவன் நான். மனசு கேட்கவில்லை.

குவீன்ஸின் ஃப்ளஷிங் பகுதியில் பௌன் தெரு என்று ஒன்று உண்டு. நம்மவர்களுக்கு அது பிள்ளையார் கோயில் தெரு. ஐ.நா.வில் பணியாற்றிய அழகப்பா அழகப்பன் முன்னின்று எழுப்பிய கோயில். 1977 ஜூலை 4-ல் கும்பாபிஷேகம் நடந்தது. கோயில் இருக்கும் பகுதிக்கு 2022-ல் கணேசர் பெயரையும் சேர்த்து வைத்துவிட்டார்கள். சரி, அந்த பௌன் யார்? ஒரு மாதம் வரை நானும் கேட்கவில்லை. கேன்டீன் தோசைக்கு வரிசையில் நிற்பதிலேயே குறியாக இருந்தேன்.

டச்சுக்காரர்கள் ஆண்ட காலம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூடி வழிபடக் கூடாது, அவர்களுக்கு யாரும் இடம் கொடுக்கவும் கூடாது என்று ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட் தடை போட்டார். 1657 டிசம்பரில் ஃப்ளஷிங்வாசிகள் சுமார் 30 பேர், இது எங்களால் ஆகாது என்று மனு எழுதிக் கையெழுத்திட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட குவேக்கர் இல்லை! அடுத்தவர் சாமிக்காக ஆளுநரைப் பகைத்துக்கொண்டவர்கள். அப்புறம் 1662-ல், குவேக்கர்கள் கூடுவதற்குத் தன் வீட்டைத் திறந்துவிட்ட ஜான் பௌனைப் பிடித்தார்கள். அபராதம் கட்ட மாட்டேன் என்றார், நாடு கடத்தினார்கள். மனிதர் ஆம்ஸ்டர்டாம் போய், அந்தக் குடியேற்றத்தை நடத்திவந்த டச்சு மேற்கிந்தியக் கம்பெனியின் நிர்வாகிகளிடமே வாதாடினார். மக்களை அவரவர் நம்பிக்கையில் விட்டுவிடும்படி 1663-ல் ஸ்டைவசன்டுக்குக் கடிதம் போனது.

அந்த வீடு இன்றும் அதே தெருவில் இருக்கிறது, பழைய மரவீடாக. நான் போன அன்று பூட்டியிருந்ததால் வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன். அங்கிருந்து தெற்கே இருபது நிமிடம் நடந்தால் நம் கோயில் கோபுரம். அந்தத் தூரத்தை நடக்கும்போது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது, வெயிலில்கூட.

பக்கத்து கொரோனா பூங்காவில் 1964 உலகப் பொருட்காட்சிக்காகச் செய்த 140 அடி உயர எஃகு உருண்டையைப் புகைப்படத்திலாவது பார்த்திருப்பீர்கள். எனக்குப் பிடித்தது அதற்குப் பக்கத்துக் கட்டடம். 1946 முதல் 1950 வரை ஐ.நா. பொதுச்சபை கூடிய இடம், இப்போது குவீன்ஸ் அருங்காட்சியகம். உள்ளே நியூயார்க் நகரம் முழுவதையும் 1200-ல் ஒரு பங்காகச் சுருக்கி, தரையில் பரப்பி வைத்திருக்கிறார்கள். குட்டி விமானம் ஒன்று கம்பியில் ஊர்ந்து லகார்டியாவில் இறங்குகிறது. மகள் வீட்டைத் தேடினேன். தெரு வரைக்கும் வந்துவிட்டேன், வீடுதான் அகப்படவில்லை. "அப்பா, கிளம்பலாம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள்.

ஜாஸ் இசைக்கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் 1943 முதல் சாகும்வரை வாழ்ந்த செங்கல் வீடும் அங்கே பக்கம்தான். அதற்குத் தனிக் கட்டுரையே போடலாம்.

உங்கள் கட்டுரையாளர் மறுபடி போனால் மன்ஹாட்டனிலிருந்து 7-ஆம் எண் ரயில் ஏறச் சொல்லுங்கள். கடைசி நிறுத்தம் ஃப்ளஷிங் மெயின் ஸ்ட்ரீட். பசியோடு போனால் நல்லது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
கும்பகோணம்.