உப்புத்தோல் வண்டிக்கு வெறும் செம்புக் குழாய் வேண்டாம்

ஆம்பூர்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவளின் கல்யாணப் பேச்சைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் உன் வேன்.

பின்சக்கரத்துக்குப் போகும் பிரேக் பைப் பொத்துக்கொண்டதை ஏதோ சைக்கிள் பஞ்சர் போல ஒரே வரியில் எழுதிவிட்டாயே! ஃபிரிட்ஜுக்குப் போடும் செம்புக் குழாயைப் பட்டறையில் வளைத்துத் தருகிறார்களாம், துருவே பிடிக்காதாம், உனக்கு ஒரே மகிழ்ச்சி. வேண்டாம் குமரேசா. துரு பிடிக்காதுதான். ஆனால் வெறும் செம்பு மிருதுவானது. ஓயாத அதிர்வில் இறுகிப்போய், நட்டுக்குள் கசியாமல் உட்கார முனையை விரித்த இடத்தில் விரிசல் விடும். பிரேக்கை ஓங்கி மிதித்தால் உள்ளே இருக்கும் பிரேக் ஆயிலில் சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் ஏறும். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் வரிசையாகக் கார்கள் நிற்கும்போது அது விண்டுபோனால் என்ன செய்வாய்? பிரேக் பிடிக்காத சுந்தரம் மாமாவின் அம்பாசடரில் நாம் மூவரும் கத்திய கத்தலை மறந்துவிட்டாயா?

பழைய பைப்பைக் குறை சொல்லாதே. தகட்டை இரண்டு சுற்றாகச் சுருட்டிச் செம்பால் பற்றவைத்த எஃகுக் குழாய் அது, உறுதியானது. ராணிப்பேட்டைக்கு நீ ஏற்றிப் போகும் உப்புத்தோலிலிருந்து, அதாவது கெடாமல் இருக்க உப்பிட்ட பச்சைத் தோலிலிருந்து, வடிகிற நீர்தான் அதை அரித்திருக்கிறது. உன் வண்டிக்கு ஏற்றது குப்ரோ நிக்கல் குழாய். செம்போடு சுமார் 10 சதவீதம் நிக்கலும் கொஞ்சம் இரும்பும் மாங்கனீசும் கலந்தது. உப்பைத் தாங்கும், அழுத்தத்தையும் தாங்கும், கையாலேயே வளையும். வோல்வோ கார்களில் 1976-லேயே இதைப் போடத் தொடங்கிவிட்டார்கள். பார்வைக்குச் செம்பு போலவே இருப்பதால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட முடியும். உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்து வாங்கு. கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பூசிய புதிய எஃகுக் குழாயே போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டாம். முனையை விரிப்பது கடினம், கசியும்.

முனையைப் பழைய பைப்பில் இருந்தது போலவே விரிக்கச் சொல். பழையதில் இரட்டை மடிப்பு (விளிம்பை உள்ளுக்கு மடித்து இரண்டு அடுக்காக விரிப்பது) என்றால் இதிலும் இரட்டை மடிப்புதான். நடுவில் வெட்டி, தண்ணீர்க் குழாய் மூட்டுப் போட்டு ஒட்டவைக்க விடாதே. கிளிப்புகளுக்கு அடியில் ரப்பர் வை. உப்பு ஈரத்தில் செம்புக் கலவை தொட்ட இரும்பு சீக்கிரம் அரிக்கும்.

புதன்கிழமை சென்னை போகிறேன். ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் நானே விசாரித்து வாங்கி வருகிறேன். பைப்பின் வெளி விட்டத்தையும் நட்டின் மரை அளவையும் உடனே எழுது. அதுவரை வண்டியை வெளியே எடுக்காதே. தோல் மண்டியில் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் எடுக்காதே.

உன்,
ரவி