பள்ளி நலச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தலைமையாசிரியர்களே, பெற்றோர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறையையும் வேலந்தாவளத்தையும் ஒட்டிய ஊர்களின் தமிழ்வழித் தொடக்கப் பள்ளிகளுக்குத் துணைநிற்கும் நமது சங்கத்தின் ஆண்டறிக்கையை, செயலாளர் என்ற முறையில் சபையின் முன் வைக்கிறேன். 1956இல் அரசமைப்புச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் வழங்க ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும் என்கிறது. அந்த உரிமை நம் ஊர்களில் நிலைக்க, ஜூன் மாதத்தில் பள்ளி திறக்கும் முதல் வாரத்திலேயே வகுப்பில் பிள்ளைகள் இருந்தாக வேண்டும். ஆகவே இவ்வாண்டுப் பணியில் பெரும்பகுதி அந்த ஒரு வாரத்துக்கே செலவாயிற்று.

பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளன்று பட்டியலில் உள்ள பிள்ளைகளை வைத்தே ஆசிரியர் பணியிடங்கள் முடிவாகின்றன என்பதும், ஒன்று முதல் ஐந்து வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதமே அதற்கு அடிப்படை என்பதும் உறுப்பினர்கள் அறிந்தவை. ஏழாம் நாள் வரும் பிள்ளையையும் பள்ளி சேர்த்துக்கொள்ளும். ஆனால் ஒரு டிவிஷனை, அதாவது வகுப்புப் பிரிவை, காப்பாற்ற அந்தச் சேர்க்கை உதவாது. பெற்றோர் பலர் பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வேலைக்கும் சூளை வேலைக்கும் போய் ஜூன் பாதியில்தான் ஊர் திரும்புகிறார்கள் என்பதால், எல்லை ஊர்களுக்கு இந்தத் தேதி கடுமையானது. மே மாதக் கடைசியிலிருந்தே நம் உறுப்பினர்களும் குடும்பஸ்ரீ மகளிர் குழுச் சகோதரிகளும் வீடு வீடாகச் சென்றார்கள். அப்படிச் சென்ற ஒரு வீட்டில், பாட்டியின் பொறுப்பில் இருந்த பேத்திக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு பெயரும் இருந்தன. மழையோடு மழையாக இருவரையும் அக்‌ஷயா இணையச் சேவை மையத்துக்கு அழைத்துச் சென்று திருத்தத்துக்கு விண்ணப்பித்து, ஐந்தாம் நாள் மாலைக்குள் பள்ளி மாணவர் பதிவுக்கான சம்பூர்ணா இணையதளத்தில் பதிவு செய்ய ஆசிரியை உதவினார். அந்தக் குழந்தை இந்த ஆண்டு தமிழில் சரளமாக வாசிக்கிறாள். சுவரொட்டியையும் வேன் வசதியையும் விட, திண்ணையில் உட்கார்ந்து பேசுவதே பிள்ளைகளைக் கொண்டுவருகிறது என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்வழி ஆசிரியர் பணியிடம் காலியானால் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் (பி.எஸ்.சி.) நியமனம் வரும்வரை தினக்கூலி ஆசிரியரையே நம்ப வேண்டியுள்ளது. ஒரு பள்ளியில் அந்த இடைவெளி நீண்டபோது, ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் ஊதியம் எதுவும் பெறாமல் வகுப்பெடுத்தனர்; அவர்களுக்குச் சங்கம் கடமைப்பட்டுள்ளது. தமிழ்ப் பாடநூல்களில் சில தாமதமாக வந்தன. மூத்த மாணவர்களின் பழைய புத்தகங்களைத் திரட்டி அட்டை போட்டுக் கொடுத்ததால் பாடம் நிற்கவில்லை. ஆயினும், பள்ளி திறக்கும் நாளில் மலையாளவழிப் பிள்ளையின் கையில் புத்தகம் இருக்கிறபோது நம் பிள்ளையின் கையிலும் இருக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டுள்ளோம், பதிலுக்காகக் காத்திருக்கிறோம்.

மதிய உணவுக் கூடத்துக்குக் காய்கறி தந்த விவசாயிகளுக்கும், எல்.எஸ்.எஸ். உதவித்தொகைத் தேர்வுக்கு மாலை வகுப்பு நடத்திய இளைஞர்களுக்கும் நன்றி. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வரும் ஆண்டில் வீடு செல்லும் பணியை ஏப்ரலிலேயே தொடங்கவும், ஆதார்த் திருத்தங்களைப் பள்ளி திறக்கும் முன்பே முடிக்கவும் செயற்குழு பரிந்துரைத்துள்ளது. இவ்வறிக்கையையும் அப்பரிந்துரையையும் ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்