உன் அப்பத்தா கேட்ட டிரெயின்

அன்புள்ள கண்ணு,

"கத்திக்குப் பயமில்லை அம்மா, அந்தக் குழாய்களை நினைத்தால்தான் வயிற்றைப் புரட்டுகிறது" என்று நேற்றுப் போனில் சொன்னாயே, அது காதிலேயே நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் எடை குறைக்கும் இரைப்பை ஆபரேஷனுக்குப் போனபோது எனக்கும் இதே பயம்தான். கேட்கத்தான் ஆளில்லை. போனில் பேசலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வைத்த இரண்டு குழாயும் உனக்கும் இருக்கும் என்று நீயாக முடிவு கட்டாதே. இப்போது பல மருத்துவர்கள் தேவைப்பட்டால் மட்டும்தான் வைக்கிறார்கள். எனக்குச் செய்தது ஸ்லீவ், அதாவது இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுப்பது. உனக்குச் செய்யப்போவது பைபாஸ், இரைப்பையைச் சின்னதாக்கிக் குடலோடு இணைப்பது. முன்கூட்டியே கேட்டுவிடு.

சிறுநீர்க் குழாயை மயக்கம் கொடுத்த பிறகுதான் போடுவார்கள். போடும்போது எதுவும் தெரியாது. கண் விழித்ததும்தான் வேடிக்கை. சிறுநீர் முட்டிக்கொண்டு வருவது போலவே இருக்கும். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். குழாய் நழுவாமல் இருக்க அதன் நுனியில் பத்து மில்லி அளவு நீர் நிரப்பிய ஒரு சின்ன பலூன் உள்ளே இருக்குமாம். அது உறுத்துவதால் வரும் பொய் உணர்வு என்றார் நர்ஸ். முக்காதே, இழுக்காதே. நடக்கச் சொன்னால் பையை இடுப்புக்குக் கீழேயே பிடித்துக்கொள். மேலே தூக்கினால் போனது திரும்பி வரும்.

எனக்கு வலியைவிட மானம்தான் பெரிதாகப் பட்டது. கட்டிலோரம் மஞ்சளாகத் தொங்கும் பையை வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டுப் பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். உன் அப்பா தன் தோள் துண்டை எடுத்து அதன்மேல் போர்த்திவிட்டார். நர்ஸ் வந்து, "அளவு தெரிய வேண்டாமா சார்?" என்று துண்டை உருவி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார். மனிதர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ!

மறுநாள் காலையில் எடுத்துவிட்டார்கள். பலூன் நீரை ஊசிக்குழலால் உறிஞ்சிவிட்டு உருவினால் இரண்டு நொடி. முதல் தடவை போகும்போது கொஞ்சம் எரியும். ஆறேழு மணி நேரமாகியும் போகவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல். குழாய் உள்ளே கிடக்கும் ஒவ்வொரு நாளும் கிருமி தொற்ற வழிதான். அதனால் "எப்போது எடுப்பீர்கள்?" என்று நீயே கேள்.

அடுத்தது வயிற்றுக் குழாய். உள்ளே தேங்கும் திரவத்தை வடிக்கும் அதை டிரெயின் (வடிகால்) என்பார்கள். "நாளைக்கு டிரெயினை எடுத்துவிடுவோம்" என்று டாக்டர் சொன்னதும், "எத்தனை மணிக்குங்க?" என்று உன் அப்பத்தா கேட்டார். தையலோடு சிரிக்கக் கூடாது என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இடது பக்கத் துளை வழியாக வரும் மெல்லிய குழாய். ஒரே ஒரு கறுப்புத் தையல் பிடித்திருக்கும். நுனியில் கொய்யாக்காய் அளவு ரப்பர் குமிழ். திரவத்தை அளந்து கொட்டிவிட்டு, குமிழை நன்றாக அமுக்கி, அமுக்கியபடியே மூட வேண்டும். சப்பையாக இருந்தால்தான் உறிஞ்சும். உப்பிவிட்டால் சும்மா தொங்கும். முதல் நாள் ரத்தமாக வந்து, பிறகு ரோஜா நிறம், பிறகு வெளிர் மஞ்சள் என்று மாறியது. குமிழை நைட்டியில் ஊக்கால் குத்தியிருந்தார்கள். மூன்றாம் நாள் குளிக்கப் போன நான் அதை மறந்து நைட்டியைத் தலைவழியாகக் கழற்றினேன். கண்ணில் பூச்சி பறந்தது! நல்லவேளை, தையல் தாங்கிவிட்டது. நீ முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டியாக இரண்டு வாங்கு.

எடுக்கும்போது மூச்சை இழுத்து விடச் சொன்னார்கள். உள்ளே ஏதோ நெளிந்து நழுவியது போல இருந்தது, அவ்வளவுதான். அந்தத் துளை ஒரு நாள் கசிந்து பஞ்சை நனைத்தது. பிறகு தானே மூடிக்கொண்டது.

குமிழில் கலங்கலாகவோ பச்சையாகவோ நாற்றமாகவோ வந்தால் உடனே சொல்ல வேண்டும். ஆனால் தெளிவாக வருகிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதே. உள்ளே இரைப்பைத் தையலில் கசிவு இருந்தும் குழாய் காட்டாமல் போகலாம். வீட்டுக்கு வந்த பிறகும் கசிவு வரலாம். காய்ச்சல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 120ஐத் தாண்டுவது, மூச்சு வாங்குவது, வயிற்று வலி ஏறிக்கொண்டே போவது, இதில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போ. முதல் இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கும். அது ஆபரேஷனின்போது வயிற்றை உப்ப வைக்க உள்ளே செலுத்திய வாயுவால், நடந்தால் குறையும். குறையாமல் கூடினால் அதையும் சொல்.

மாப்பிள்ளையிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. குமிழை அமுக்கி மூடுவதை அவரும் நர்ஸிடம் ஒரு தடவை செய்து பார்க்கட்டும். துண்டு எதுவும் கொண்டுவர வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பெங்களூருக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. இது தண்டவாளத்தில் ஓடும் டிரெயின்.

அம்மா