பக்கத்து வீட்டை இடிக்கும்போது எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டட அனுமதி எளிமையாகிறது என்று அடிக்கடி செய்தி வருகிறது. படிக்கும்போது சந்தோஷம்தான். 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், அதாவது வரைபடம் விதிப்படி இருக்கிறது என்று விண்ணப்பிப்பவரே உறுதி சொல்லும் முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட ஆன்லைனிலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. வரைபடத்தைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அலுவலக மாடிப்படி ஏறி இறங்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் சென்னைக்குள் காலி மனை எங்கே இருக்கிறது? இங்கே புது வீடு என்றால் பெரும்பாலும் முதலில் ஒரு பழைய வீடு இடிந்தாக வேண்டும். அந்த இடிப்பைப் பற்றி யாரும் பேசக் காணோம். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் மின்வாரியத்தில் வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தென்சென்னையில், எழுபதுகளில் மனை பிரித்த ஒரு தெருவில் குடியிருக்கிறோம். எங்கள் மாமனார் 1974இல் கட்டிய வீடு. எங்கள் தெருவில் எல்லா மனையும் ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி. எங்களுக்கும் இடது பக்கத்து வீட்டுக்கும் நடுவே பொதுவாக ஒரு காம்பவுண்டு சுவர். அந்த வீட்டுக்காரர்கள் நல்ல மனிதர்கள். அவர்கள் மீது எனக்கு வருத்தம் கிடையாது. பிள்ளைகள் வெளிநாட்டில். வீட்டை ஒரு பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். ஸ்டில்ட் போட்டு, அதாவது கீழே வண்டி நிறுத்தத் தூண்கள் மட்டும் வைத்து, மேலே நாலு ஃபிளாட், பாதி அவர்களுக்கு, பாதி பில்டருக்கு. இப்போது தெருவுக்குத் தெரு நடப்பதுதான்.

இடிப்பு எப்படி நடக்கிறது என்று பார்த்திருக்கிறீர்களா? இடிக்கும் காண்ட்ராக்டருக்குப் பல இடங்களில் வீட்டுக்காரர் பணம் கொடுப்பதில்லை. அவர்தான் வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறார். தேக்குக் கதவு, ஜன்னல், நிலை, கிரில், கம்பி, உடையாத செங்கல், மோட்டார், பழைய பித்தளைக் குழாய் வரைக்கும் எல்லாம் அவருக்குக் காசு. முதல் வாரம் மரவேலை ஆட்கள் வந்து கதவு ஜன்னலைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி அலுங்காமல் எடுத்துப் போனார்கள். அதற்குப் பழைய மரக்கடையில் விலை இருக்கிறது. சுவருக்கு விலை இல்லை. அடுத்து பொக்லைன் வந்தது, முன்னால் காங்கிரீட்டை உடைக்கும் பிரேக்கர் மாட்டி. பொக்லைனுக்கு மணிக்கணக்கில் வாடகை. ஆகவே எவ்வளவு சீக்கிரம் முடிகிறதோ அவ்வளவு லாபம். அந்த வேகத்தை இழுத்துப் பிடிக்க அந்த மனைக்குள் ஒருவர் கூட இல்லை. டிரைவர், ஒரு உதவியாள், கொஞ்சம் தள்ளி நின்று போன் பேசும் மேஸ்திரி. அவ்வளவுதான்.

இடிப்பதற்கு ஒழுங்குமுறை இல்லாமல் இல்லை. இந்திய தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 4130 என்று கட்டடம் இடிப்பதற்கென்றே ஒரு பாதுகாப்புக் குறியீடு இருக்கிறது. மேலிருந்து தளம் தளமாக இறக்க வேண்டும், பக்கத்துக் கட்டடத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும், தூசிக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் சொல்லியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் நடந்தது தலைகீழ். கீழே தூண் மாதிரி நின்ற சுவரை முதலில் உடைத்தார்கள். மேல் தளம் தானாக உட்கார்ந்தது. அது உட்கார்ந்த அதிர்ச்சியில் எங்கள் பூஜை அறைச் சுவரில் மூலையிலிருந்து ஜன்னல் வரை ஒரு விரிசல். காம்பவுண்டு சுவர் எங்கள் பக்கமாகச் சாய்ந்து துளசி மாடத்தையும் தண்ணீர்க் குழாயையும் சேர்த்து நசுக்கியது. சம்ப் கசிய ஆரம்பித்தது. மேல்தொட்டியில் சுண்ணாம்புத் தூசி சேறாகப் படிந்தது. என் கணவருக்கு வீசிங் உண்டு. அவரை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். "பழைய வீடும்மா, இதெல்லாம் விழத்தான் செய்யும். கட்டி முடிச்சதும் உங்க பக்கமும் பூசிக் கொடுத்துடறோம்" என்றார் மேஸ்திரி. பூச்சுக்குள்ளே விரிசல் என்ன ஆகும் என்று கேட்டேன். சிரித்தார்.

அனுமதி இருக்கிறதா என்று விசாரித்தேன். இருந்தது. இடிக்கத் தனியாக விண்ணப்பம் போட்டு முறையாக வாங்கியிருக்கிறார்கள். ஆகவே சட்டவிரோதம் என்று நான் சொல்ல முடியாது. விண்ணப்பத்தில் பக்கத்து வீட்டைப் பற்றி ஏதாவது கேள்வி உண்டா என்று ஓர் அலுவலகத்தில் கேட்டபோது, அங்கிருந்தவர் நல்ல மனதோடுதான் பதில் சொன்னார்: "மேடம், அவங்க இடத்தை அவங்க இடிக்கிறாங்க. சேதம் ஆச்சுன்னா நீங்க சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும்." ஒரு பூஜை அறைச் சுவருக்காக இந்த வயதில் கோர்ட்டுக்கு.

இப்போது என் வேலை அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஒரு விதி நடைமுறையில் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், அதை மீறியவர் எந்த அலுவலகத்துக்காவது திரும்பக் கை நீட்டி வர வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டடம் கட்டுகிறவர் கடைசியில் நிரந்தர மின் இணைப்புக்கு வந்தாக வேண்டும். அனுமதித்தபடி கட்டியிருக்கிறார்கள் என்ற பணி நிறைவுச் சான்று இல்லையென்றால் இணைப்பு இல்லை என்று சொன்ன நாளில்தான் செட்பேக் (மனையின் ஓரங்களில் கட்டாமல் விட வேண்டிய இடம்) என்ற சொல்லையே பலர் கவனித்தார்கள். உச்ச நீதிமன்றமும் 2024 டிசம்பரில் இதையேதான் அழுத்திச் சொன்னது: நிறைவுச் சான்றைக் காட்டிய பிறகுதான் மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் இணைப்பு. அபராதத்தை விட இந்தப் பிடிக்குத்தான் பில்டர்கள் பயப்படுவார்கள். நான் கவுன்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

இடிப்பில் அந்தப் பிடி இல்லை. இடித்து முடித்த காண்ட்ராக்டர் எந்தக் கவுன்டருக்கும் வர வேண்டியதில்லை. வண்டியை ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்.

சரி, அடுத்து கட்டப் போகிற ஃபிளாட்டிலாவது பிடி இருக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிரவுண்டுக்கு தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனையின் பரப்பைப் போல எல்லாத் தளமும் சேர்த்து இரண்டு மடங்கு கட்டலாம் என்றால் 4,800 சதுர அடி, சுமார் 446 சதுர மீட்டர். 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் மூன்று வீடுகள், 750 சதுர மீட்டர் வரையுள்ள குடியிருப்புக்கு நிறைவுச் சான்று வேண்டாம் என்றார்கள். பிறகு மூன்றை எட்டாக உயர்த்தினார்கள். எங்கள் பக்கத்து மனையில் வருவது நாலு வீடு. ஆகவே சான்று தேவையில்லை. சான்றே வேண்டாத கட்டடத்திடம் மின்வாரிய ஊழியர் எதைக் காட்டச் சொல்வார்? ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு செய்ய வேண்டுமா? மனை 500 சதுர மீட்டருக்குள் இருந்தாலோ வீடுகள் எட்டுக்குள் இருந்தாலோ அதுவும் வேண்டாம். ஒரு கிரவுண்டு என்பது 223 சதுர மீட்டர்தான். பெரிய மீனுக்கு வலை நெய்திருக்கிறார்கள். சென்னையின் பழைய தெருக்களில் நடப்பதெல்லாம் இந்த ஒரு கிரவுண்டு வேலைதான்.

இடிபாட்டுக்கும் இதே கதை. எங்கள் ஊரில் அதை ரப்பிஷ் என்போம். 2016இல் வந்த மத்திய அரசு விதிகள் ஒரு நாளைக்கு 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குகிறவர்கள் தரம் பிரித்து, முன்கூட்டியே திட்டம் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்றன. 2025இல் அறிவித்த புதிய விதிகளோ 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டங்களைத்தான் முக்கியமாகக் குறி வைக்கின்றன. நிரம்பிய டிப்பர் மூன்று வெளியே போனாலே 20 டன் தாண்டிவிடும் என்பது எந்த லாரி டிரைவருக்கும் தெரியும். ஆனால் எடை போட்டது யார்? பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாட்டை அரைத்து மறுபடி பயன்படுத்தும் ஆலைகள் இருக்கின்றன. எங்கள் தெருவிலிருந்து நள்ளிரவில் கிளம்பிய டிப்பர்கள் அங்கேதான் போயின என்று நம்ப எனக்கும் ஆசைதான். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் ஏறியது. அதன் ஓரங்களில் ரப்பிஷ் கொட்டுகிறார்கள் என்ற புகார் அதற்கு முன்பும் வந்தது, பின்பும் வருகிறது.

இது ஏதோ ஒரு கிழவியின் பூஜை அறை விவகாரம் என்று நினைக்க வேண்டாம். 2023 ஜனவரி 27ஆம் தேதி அண்ணா சாலையில், ஆயிரம் விளக்குப் பகுதியில், பழைய கட்டடம் ஒன்றை இடிக்கும்போது சுவர் நடைபாதையில் விழுந்து, வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஓர் இளம்பெண் இறந்துபோனார். அந்தப் பெண்ணுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. நகரின் முக்கியமான சாலையில், பட்டப்பகலில் அது நடந்தது என்றால், எங்கள் 20 அடித் தெருவில் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

மௌலிவாக்கத்தையும் நினைத்துப் பார்க்கிறேன். 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். மிச்சம் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2ஆம் தேதி வெடி வைத்துத் தகர்த்தார்கள். அன்றைக்குச் சுற்றியிருந்தவர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பு, வீட்டை விட்டு வெளியேற ஏற்பாடு, போலீஸ் பாதுகாப்பு எல்லாம் இருந்தது. நாங்கள் டி.வி.யில் பார்த்தோம். ஆக, செய்ய முடியாத காரியம் இல்லை. வெடி வைத்தால்தான் சொல்வோம், பிரேக்கர் வைத்தால் சொல்ல மாட்டோம் என்பதுதான் இப்போதைய நிலைமை.

புதிதாக இன்னொரு அனுமதி, இன்னொரு மேசை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மேசை கூடினால் கவரும் கூடும், அது எல்லோருக்கும் தெரியும். இருக்கிற நடைமுறையிலேயே இடிப்பைக் கட்டிப் போடலாம். இடித்த பிறகு அந்த மனையில் வேலை தொடங்க பில்டருக்குத் தற்காலிக மின் இணைப்பு வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கும்போது இரண்டு தாள்களைச் சேர்த்துக் கேட்கட்டும். ஒன்று, ரப்பிஷ் எந்த ஆலைக்கு எத்தனை டன் போனது என்ற எடை ரசீது. இன்னொன்று, இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் குறிப்பு: இடிக்கும் முன் எங்கள் சுவர் எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, சேதத்துக்கு என்ன ஏற்பாடு. இடிக்கும் முன் எங்கள் வீட்டுச் சுவர்களை இரண்டு தரப்பும் சேர்ந்து போன் கேமராவில் படம் எடுத்துக்கொண்டால் போதும். அரை மணி நேர வேலை. பிறகு விரிசல் பழசா புதுசா என்ற சண்டையே வராது. பக்கத்து வீட்டுக்காரர் வேண்டுமென்றே கையெழுத்துப் போடாமல் இழுத்தடிப்பார் என்று பில்டர்கள் சொல்லலாம். அது நியாயமான பயம்தான், எங்கள் தெருவிலேயே அப்படி இரண்டு பேர் உண்டு. ஏழு நாளில் போடாவிட்டால் படங்களை வைத்து உதவிப் பொறியாளர் முடிவு செய்யட்டும்.

அப்புறம் ஒரு பலகை. யார் இடிக்கிறார்கள், எந்தத் தேதியிலிருந்து, எந்த நேரம் வரை, அனுமதி எண் என்ன, பொறுப்பான பொறியாளரின் போன் எண் என்ன என்று தெருவைப் பார்த்து எழுதி வைக்கட்டும். இடிப்புக்குக் குறைந்தது ஏழு நாள் முன்னால். எங்களுக்கு அது தெரிந்திருந்தால் சம்ப் மூடியை பிளாஸ்டிக் ஷீட்டால் கட்டியிருப்போம், மேல்தொட்டியையும் மூடியிருப்போம், என் கணவரை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பியிருப்போம்.

உங்கள் நிருபர் யாராவது ஒருவர் சம்பந்தப்பட்ட அதிகாரிகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுச் சொன்னால் உதவியாக இருக்கும். கடந்த ஓராண்டில் இடிக்க அனுமதி கொடுத்த வீடுகளில் எத்தனை வீடுகளை, இடிக்கும் நாளன்று ஒரு பொறியாளராவது நேரில் போய்ப் பார்த்தார்?

தயவுசெய்து என் பெயரைப் போட வேண்டாம். எங்களுக்கு வலது பக்கத்து வீட்டுக்கும் பில்டர் வந்து பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
தென்சென்னை.